உதையை வாங்கத் தெரிந்த கை

பெரிய ரிவால்வரைச் சுடுவதற்குப் பெரிய பலம் வேண்டும் என்னும் எண்ணம் நம்மவர்களிடையே எப்படியோ வேரூன்றிவிட்டது. நாள் தவறாமல் தேகாப்பியாச சாலைக்குப் போய் வருகிறவர்களும், கிணற்று மோட்டாரைத் துணையில்லாமல் தூக்கி வண்டியில் ஏற்றக்கூடிய எங்கள் ஊர்ப் பட்டறைப் பையன்களும், முதல் தோட்டாவைச் சுட்ட மாத்திரத்தில் இரண்டாவது தோட்டாவுக்குக் கண்ணை இறுக மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதே சுடுதளத்தில், அதே துப்பாக்கியை வாங்கி, ஒடிசலான ஒரு கல்லூரி மாணவி சித்தத்தில் சலனமே இல்லாமல் சுட்டுக் கறுப்பு வட்டத்துக்குள் துளைகளை வரிசையாகச் சேர்ப்பதையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒருங்கே கண்ட பிறகு, இவ்விஷயத்தில் பலத்துக்கு இரண்டாம் ஸ்தானந்தான் உண்டு என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். அதன் காரணங்களைச் சற்று விஸ்தாரமாகச் சொல்வதே இந்தப் பதிவின் நோக்கம்.

உக்கடத்தில் ஒரு லேத் பட்டறையை வைத்துக்கொண்டு பம்பு உதிரிகள் கடைந்து பிழைப்பவனுக்கு ரிவால்வரில் என்ன சிரத்தை என்று கேட்பவர்களுக்கு, எங்கள் சாலையின் அமைப்பையே பதிலாகச் சொல்லலாம். 2024 ஆகஸ்டில் திறந்த மேம்பாலத்தில் ஏறி ஆத்துப்பாலம் பக்கம் இறங்கிப் பாலக்காட்டு ரோட்டைப் பிடித்தால் குனியமுத்தூர் வருகிறது. அங்கிருந்து ஒரு கிளை பிரிந்து, தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் நான்காம் அணி தங்கியிருக்கும் கோவைப்புதூருக்குப் போகிறது. நேரே போனால் மதுக்கரை. ஆகவே இந்தத் தடத்தில் ஓய்வுபெற்ற காவலர் குடும்பங்களுக்குக் குறைவில்லை. அவர்களில் ஒருவர், உத்தியோக காலம் முழுவதையும் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கி பழுதுபார்ப்பதிலேயே கழித்தவர், வீட்டு மோட்டாரின் ஷாப்டை மாற்றிக்கொண்டு போக என் பட்டறைக்கு வந்தார். பேச்சுவாக்கில் நான் கேட்ட ஏதோ ஒரு கேள்விக்கு வாயால் பதில் சொல்லாமல், தாம் பயிற்சி கொடுக்கும் ரைபிள் கிளப்புக்கே என்னை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவரை இங்கே வாத்தியார் என்றே குறிப்பிடுகிறேன்.

திரைப்படம் நமக்குச் செய்திருக்கும் உபகாரங்கள் எத்தனையோ. ரிவால்வர் விஷயத்தில் மட்டும் அது அபகாரமே செய்திருக்கிறது. கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் குதிரையேறி வந்த படங்களிலிருந்து, 2010-இல் சிம்புதேவன் எடுத்த ‘இரும்புக்கோட்டை முரட்டுசிங்கம்’ வரையில், கையை இடுப்போடு ஒட்டிவைத்துக்கொண்டு படபடவென்று சுட்டுத் தள்ளும் கதாநாயகனின் மணிக்கட்டு அசைவதே இல்லை. அசையாததற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. படப்பிடிப்புத் தோட்டாவில் மருந்து உண்டு, குண்டு கிடையாது. முன்னே போகும் பாரம் இல்லாதபோது பின்னே வரும் உதையும் பேருக்குத்தான் இருக்கும். அந்தப் பிரமையை மனத்தில் ஏற்றிக்கொண்டு சுடுதளத்துக்கு வருகிற இளைஞனுக்கு உண்மைத் தோட்டாவின் முதல் உதை ஒரு வஞ்சனையாகவே தோன்றுகிறது.

கணக்கு என்னவோ பதினோராம் வகுப்புப் பௌதிகம்தான். குண்டின் எடையை அதன் வேகத்தால் பெருக்கி, அதன் பின்னாலேயே குழல்வாயில் சீறிக்கொண்டு வெளியேறும் வாயுவின் பங்கையும் கூட்டினால் வருகிற தொகை எதுவோ, அதே தொகை எதிர்த்திசையில் துப்பாக்கிக்கும் கிடைக்கிறது. துப்பாக்கி கனமாக இருந்தால் மெதுவாகவும், இலேசாக இருந்தால் வேகமாகவும் பின்னே வருகிறது. ஆறு கிராமுக்குச் சற்று மேற்பட்ட குண்டைச் செலுத்தும் நம் நாட்டு .32 ரிவால்வரில் இந்த உதையின் சக்தி ஏறக்குறைய 2 ஜூல் என்று கணக்கு வருகிறது. முதல் உலக யுத்தத்தில் பேர்பெற்ற .455 வெப்ளி, 17 கிராம் குண்டை விநாடிக்குச் சுமார் 190 மீட்டர் வேகத்தில் அனுப்பிவிட்டு, 5 ஜூலைக் கையில் தருகிறது. 1955-இல் பிறந்த .44 மேக்னம் ஏறக்குறைய அதே எடையுள்ள குண்டை இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் செலுத்துகிறபடியால், அதன் உதை 25 ஜூல் வரையில் போகிறது. 2003-இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி வெளியிட்ட .500 மேக்னத்திலோ, துப்பாக்கியையே இரண்டு கிலோ எடைக்குக் கொண்டுபோய் நிறுத்திய பிறகும், 60 ஜூலுக்கு மேல் மிஞ்சுகிறது.

இத்துடன் இன்னொரு விசேஷமும் சேர்ந்துகொள்கிறது. ரிவால்வரின் குழல் கைப்பிடிக்கு நேராக இல்லாமல், பிடித்த கைக்கு மேலே உயரத்தில் இருக்கிறபடியால், உதை நேர்கோட்டில் பின்னே வந்து நிற்பதில்லை. மணிக்கட்டை அச்சாக்கிக்கொண்டு குழலை மேலே முறுக்கித் தூக்குகிறது. குண்டு குழலைக் கடக்க ஆகும் காலம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பாகமோ இரண்டு பாகமோதான் என்றாலும், அதற்குள்ளாகவே குழல் மேலெழத் தொடங்கிவிடுகிறது. கனத்த ரிவால்வர்களில் முன்குறியை அவ்வளவு உயரமாக வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்; குறிகளை இலக்கோடு சேர்த்துப் பிடித்திருக்கும்போது குழல் உண்மையில் சற்றுக் கீழ்நோக்கியே இருக்கிறது, எழும்புகிற எழும்பல்தான் குண்டை இலக்குக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதாவது, உதை என்பது துப்பாக்கி செய்தவனால் முன்கூட்டியே எதிர்பார்த்துக் கணக்கில் சேர்க்கப்பட்ட விஷயம். சுடுகிறவன் அதை அடக்கி ஒடுக்க வேண்டும் என்று அவன் எதிர்பார்க்கவே இல்லை.

துப்பாக்கி இலேசாக இருந்தால் சுடுவது சுலபம் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய மயக்கம் என்பதற்கு நம் தேசத்திலேயே உதாரணம் இருக்கிறது. கான்பூர் பீல்ட் கன் பேக்டரி 2014-இல் பெண்களை உத்தேசித்து ‘நிர்பீக்’ என்னும் .32 ரிவால்வரை வெளியிட்டது. டைட்டானியக் கலவையில் செய்யப்பட்டதால் அதன் எடை 500 கிராம். கைப்பையில் வைத்துக்கொள்ள அது சௌகரியந்தான், சந்தேகமில்லை. ஆனால் 700 கிராம் எடையுள்ள துப்பாக்கியில் சுட்ட தோட்டாவையே 500 கிராம் எடையுள்ள துப்பாக்கியில் சுட்டால், உதையின் சக்தி நூற்றுக்கு நாற்பது பங்கு அதிகமாகிறது. சுமப்பதில் மிச்சமான எடைக்குச் சுடும்போது கிரயம் கொடுத்துத் தீரவேண்டியிருக்கிறது.

பெரிய துப்பாக்கியின் உதை பெரும்பாலான இந்தியர்களுக்கு அனுபவமாகாமல் போனதற்குச் சட்டமும் ஒரு காரணம். ராணுவமும் போலீசும் புழங்கும் .38, .455, 9 மில்லிமீட்டர் ஆகிய அளவுகளைச் சாதாரணப் பிரஜை வைத்திருக்கலாகாது என்னும் வெள்ளைக்காரர் காலத்துச் சம்பிரதாயத்தையே 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. படைக்கலத்தின் தோட்டா கலகக்காரர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் அதன் உட்கருத்து. அதே பயத்தால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 வேட்டை ரைபிள்களையும் இந்தியாவில் தடுத்துவிட, லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .470 முதலான புதிய அளவுகளைச் சிருஷ்டித்து வியாபாரத்தைக் காப்பாற்றிக்கொண்டன. நமக்கு மிஞ்சியது .32. அந்தக் குறைந்த அளவைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்கிறவர்கள் உண்டு; எனக்கு அது ஒரு பாக்கியமாகவே படுகிறது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உதையைச் சமாளிக்க முடியாமல் தோட்டாவையே சிறியதாக்கிக்கொண்ட கதை, தனிமனிதர்களுடையது மட்டுமன்று, ஒரு சாம்ராஜ்யத்தினுடையதும்கூட. 1887-இல் பிரிட்டிஷ் சேனை வெப்ளி ரிவால்வரை ஏற்றுக்கொண்டது. 1915-இல் ஆறாம் மாதிரி வந்தது. அகழிகளில் கைகலந்து போராடிய யுத்தத்தில் அதன் கனத்த குண்டுக்கு நல்ல பேர் கிடைத்தது. ஆனால் யுத்தம் முடிந்து நிதானமாக யோசித்தபோது, அவசரத்தில் சேர்த்த சிப்பாய்க்கு அதைச் சுடக் கற்றுக்கொடுப்பதற்குள் காலமும் தோட்டாவும் ஏராளமாகச் செலவாகின்றன என்று சேனாதிகாரிகள் கண்டுகொண்டார்கள். அதன் விளைவாக 1930-களின் தொடக்கத்தில் வந்ததுதான் .38 என்பீல்டு. கையைவிட்டு நழுவாமல் பலபேர் சுடக்கூடிய சின்னத் தோட்டா, சிலபேர் மட்டும் சுடக்கூடிய பெரிய தோட்டாவைவிட மேல் என்பது அன்றைய தீர்ப்பு. நம் போலீசாருக்கு .38 வழிவழியாக வந்து சேர்ந்ததும் அந்தத் தீர்ப்பினால்தான். கோயம்புத்தூரில் பழைய ஹாமில்டன் கிளப் கட்டடத்தில் 2018-இல் திறந்த காவல்துறை அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள், அங்குள்ள பழைய ஆயுதங்களை இந்தக் கண்ணோட்டத்தோடும் ஒருமுறை பார்க்கலாம்.

ரைபிள்காரர்களுக்கு இந்தச் சங்கடம் இவ்வளவு இல்லை. பெங்களூரிலிருந்து வந்து வட கோயம்புத்தூர் ஜில்லாவின் திம்பம் காடுகளில் அலைந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974) கையில் வைத்திருந்த .405 வின்செஸ்டரும் பலமாக உதைக்கும் ரகந்தான். ஆனால் அதை வாங்கிக்கொள்ளத் தோளும், தோளுக்குப் பின்னால் முழு உடம்பும் இருந்தன. ரிவால்வருக்கோ தோள் கிடையாது. உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை என்ற மூன்றின் வழியாகத்தான் அத்தனையும் இறங்க வேண்டும். அந்தக் காலத்தில் யானைமேல் அம்பாரியில் உட்கார்ந்து புலிவேட்டையாடிய துரைமார்கள், காயம்பட்ட புலி யானையின் மத்தகத்தில் தாவி ஏறிவிட்டால் கடைசி உபாயமாகப் பிரயோகிக்க, ரைபிள் தோட்டாவையே சுடும் குட்டைக் கைத்துப்பாக்கி ஒன்றை இடுப்பில் வைத்திருப்பார்கள். அதன் உதையைப் பற்றி யாரும் அதிகமாக முறையிட்டிருக்க மாட்டார்கள். புலி முகத்துக்கு நேரே வந்து நிற்கும்போது மணிக்கட்டை நினைக்க யாருக்கு அவகாசம் இருக்கும்?

அங்கேதான் விஷயத்தின் மர்மம் இருக்கிறது. உதையை நினைக்க அவகாசம் இல்லாதவனை உதை கெடுப்பதில்லை. வெடித்த பின்பு வரும் உதையால் குறி தவறுவது மிகவும் சொற்பம். வெடிப்பதற்கு முன்பே அதை எதிர்பார்த்துக் கை செய்துவிடுகிற காரியத்தால்தான் குறி தவறுகிறது. புதிதாகச் சுடுகிறவனின் முதல் தோட்டா பல சமயங்களில் நன்றாகவே போய் விழுகிறது, ஏனென்றால் என்ன வரப்போகிறது என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொண்ட பிறகு, இரண்டாவதும் மூன்றாவதும் கீழே இறங்கி, வலக்கைக்காரனுக்கு இடப்பக்கமாக ஒதுங்குகின்றன. விசையை அழுத்துகிற அதே கணத்தில், வரப்போகும் எழும்பலை முன்கூட்டியே அமுக்கிவிட வேண்டும் என்று கை தானாகக் குழலைக் கீழே தள்ளிவிடுவதே இதன் காரணம்.

இதை வாத்தியார் நிரூபித்துக் காட்டும் விதம் ரசமானது. மாணவனை முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு, சிலிண்டரின் ஆறு அறைகளில் சிலவற்றில் நல்ல தோட்டாவும், சிலவற்றில் சுட்டு முடித்த வெற்றுக் கூடும் கலந்து போட்டு, சுழற்றி மூடிக் கொடுப்பார். அன்று நின்றவன் இன்ஜினீயரிங் படிக்கும் பையன். நல்ல உயரம், நல்ல தோள். முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவதில் குதிரை ‘டக்’கென்று வெற்றுக் கூட்டின்மேல் விழுந்தது, வெடி இல்லை, புகை இல்லை, ஆனால் குழல்வாய் மட்டும் இரண்டு விரற்கடை கீழே போய் மேலே வந்தது. சுற்றி நின்ற எல்லோரும் பார்த்தோம்; அவனும் பார்த்தான்.

“ஏங்கண்ணு, வெடிக்கவே இல்லியே, அதுக்குள்ள எதுக்கு மூக்கு கீழ போச்சு?”

“தெரியலீங்க சார், அதுவாப் போச்சுங்க.”

“அதுவா எப்படிப் போகும்? உங்கைதான் கொண்டு போச்சு. வெடிச்சா வெடிக்கட்டும்னு விடு. அமுக்கறது மட்டும் உன்ற வேலை, உதைக்கறது துப்பாக்கியோட வேலை.”

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு மேல் ஒரு உபதேசம் இவ்விஷயத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மற்றவை எல்லாம் அதைச் சாதிப்பதற்கான உபாயங்களே. அவற்றுள் முதலாவது, காதைக் காப்பது. உதைக்குப் பயப்படுவதாக நினைத்துக்கொண்டிருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் உண்மையில் சத்தத்துக்கே பயப்படுகிறார்கள். காதுக்குள் பஞ்சடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் ஆக இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டால், கையில் வந்த உதையே பாதியாகக் குறைந்துவிட்டதாகச் சொல்வார்கள். கண்ணாடியும் அவசியம். சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள மெல்லிய சந்தில் சூடான வாயுவும் ஈயத் துகளும் பக்கவாட்டில் சீறுகின்றன. அதனாலேயே கட்டைவிரலை அந்தச் சந்துக்குப் பக்கத்தில் நீட்டிவைப்பது மகா ஆபத்து.

இரண்டாவது, பிடி. உள்ளங்கையைக் கைப்பிடியின் முதுகில் எவ்வளவு உயரமாக ஏற்றிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு உயரமாகப் பிடித்தால், குழலுக்கும் கைக்கும் உள்ள தூரம் குறைந்து, முறுக்கும் அந்த அளவுக்குக் குறைகிறது. சுடும் கை உறுதியாகவும், அதைத் தழுவும் மறு கை இன்னும் சற்று இறுக்கமாகவும் இருக்க வேண்டும். முழங்கை கட்டையாக விறைக்கலாகாது, தொய்ந்துவிடவும் கூடாது. உக்கடம் லாரிப்பேட்டையில் மூட்டை இறக்குகிறவரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: லாரியிலிருந்து மூட்டை முதுகில் விழும் கணத்தில் அவர் விறைத்து நிற்பதுமில்லை, நகர்ந்து விலகுவதுமில்லை, முழங்காலை ஒரு சிறிது மடக்கிப் பாரத்தோடு கூடவே இறங்கி, பிறகு நிமிர்கிறார். கையும் குழலோடு கூடவே எழும்பி, அது தணியும்போது தானும் தணிந்து, பழைய இடத்துக்கே வந்து நிற்க வேண்டும்.

மூன்றாவது, படிப்படியாக ஏறுவது. .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும், .44 மேக்னத்தில் .44 ஸ்பெஷலையும் தாராளமாகச் சுடலாம். வெளிநாட்டுச் சுடுகழகங்களில் புதியவர்களை அந்த இலேசான தோட்டாவிலிருந்தே தொடங்கவைக்கிறார்கள். எங்களுக்கு அந்தப் படிக்கட்டு .22-இல் தொடங்கி .32-இல் முடிகிறது. .32-ஐ நான் பாக்கியம் என்று சொன்னது இதனால்தான்: பயத்தைக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு அது உதைப்பதில்லை, அசிரத்தையாக இருந்துவிடும் அளவுக்கு உதைக்காமலும் இல்லை. தோட்டாவே இல்லாமல், வெறும் துப்பாக்கியைப் பலமுறை சோதித்துக் காலி என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, சுவரில் ஒட்டிய புள்ளியைப் பார்த்து விசையை மட்டும் அழுத்திப் பழகும் அப்பியாசத்தை வாத்தியார் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறார். குதிரை விழும்போது முன்குறி அசையாமல் இருந்தால் அன்றைய பாடம் முடிந்தது.

பெரிய துப்பாக்கியை நான் சுட்டது நம் தேசத்தில் அன்று. சகலையோடு தாய்லாந்துக்குப் போயிருந்தபோது, பட்டாயாவில் சுற்றுலாக்காரர்களுக்காக நடத்தும் ஒரு சுடுதளத்தில். 1971-இல் கிளிண்ட் ஈஸ்ட்வுட் ‘டர்ட்டி ஹாரி’யில் கையிலேந்தியதால் உலகமெங்கும் பிரசித்தியான .44 மேக்னத்தையே கேட்டு வாங்கினேன். அங்கிருந்த பயிற்றுநர் ஆறு அறைகளிலும் நிரப்பாமல் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். அதன் காரணம் பிற்பாடு வாத்தியார் சொல்லித்தான் தெளிவாயிற்று: கனத்த உதையில் பிடி தளர்ந்து, நழுவுகிறதே என்று கை மறுபடி இறுகும்போது, விரலும் கூடவே இறுகி, குழல் ஆகாயத்தைப் பார்த்திருக்கும் நிலையில் இரண்டாவது தோட்டாவும் வெடித்துவிடக் கூடும். இந்த ஜாக்கிரதையை எந்தக் கனத்த ரிவால்வருக்கும் புதியவர்கள் விஷயத்தில் தவறாமல் கைக்கொள்ள வேண்டும்.

விசை விட்டதும் என் கண்ணில் பட்டது ஒரு ஆரஞ்சு நிறத் தீநாக்கு. அடுத்து உணர்ந்தபோது முன்குறி என் நெற்றி உயரத்தில் இருந்தது. வலி என்று சொல்வதற்கில்லை. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதை சுரீரென்று சிவந்து, புறங்கையில் எரியாத மருந்துத் துகள்கள் மிளகுத்தூள் அளவுக்குக் கறுப்பாக ஒட்டியிருந்தன. அப்படியே சில தோட்டாக்களை ஒவ்வொன்றாகச் சுட்டேன். இன்னும் வேண்டுமா என்று பயிற்றுநர் கேட்டபோது, வேண்டும் என்று மனம் சொல்ல, போதும் என்று மணிக்கட்டு சொன்னது. மணிக்கட்டின் பேச்சையே கேட்டேன். களைத்த கை துள்ளக் கற்றுக்கொள்ளும். ஒருமுறை கற்ற துள்ளலை மறக்கவைக்க மாதக்கணக்கில் ஆகும். மூட்டுக்களைப் பற்றியும் தசைநாரைப் பற்றியும் யோசிக்க வேண்டும் அல்லவா? பட்டறையில் மறுநாள் மைக்ரோமீட்டரைப் பிடிக்க வேண்டிய கை இது.

பலத்தைப் பற்றி இன்னும் சந்தேகம் இருப்பவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்லி முடிக்கலாம். 25 மீட்டர் சென்டர் பயர் பிஸ்டல் என்னும் போட்டியில், பெரும்பாலோர் .32 தோட்டாவையே பயன்படுத்துகிறார்கள். மறு கையின் துணையின்றி, ஒற்றைக் கையை நீட்டி அறுபது தோட்டாக்கள் சுட வேண்டும். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் நம் நாட்டு வீரர் ஜஸ்பால் ராணா, உடம்பில் காய்ச்சலோடு நின்று, 600-க்கு 590 எடுத்து உலகச் சாதனையைச் சமன் செய்தார். காய்ச்சல்காரனின் தேகத்தில் பலம் எங்கேயிருந்து வரும்? அறுபது முறையும் உதையை அதன் போக்கில் விட்டுவிட்டு, அறுபது முறையும் விசையை மட்டும் கவனித்த சுபாவமே அந்த 590.

ஆகையால், .44 சுட்டேன், .500 சுட்டேன் என்று வெளிநாடு போய்வந்த உறவினர்கள் வீடியோவைக் காட்டும்போது, துப்பாக்கியின் அளவைக் கேட்டு நாம் பிரமிக்க வேண்டியதில்லை. கடைசித் தோட்டா இலக்குத்தாளில் எங்கே விழுந்தது என்று கேட்போம். முதல் தோட்டா விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அதுவும் விழுந்திருந்தால், அவருக்கு உதை வாங்கத் தெரிந்திருக்கிறது; தாளிலேயே இல்லையென்றால், அவர் .22-க்குத் திரும்பிவந்து எங்கள் வாத்தியாரிடம் வெற்றுக் கூட்டோடு ஆரம்பிப்பதில் அவமானம் ஒன்றுமில்லை.